மேட்டு உச்சியில் ஒரு பெஞ்சு

"இன்னிக்குப் பத்து மணிக்கே மேட்டைப் பார்க்க வர்றாங்களாம்யா," என்று தொல்லியல் துறையின் கடிதத்தைப் பக்கத்துப் பண்ணை கிளிஃபோர்டிடம் ஆட்டிக் காட்டினார் ஆல்வின் புரோபர்ட்.

அவருடைய மேய்ச்சல் நிலத்தின் நடுவே, அந்தக் காலத்தில் படையெடுத்து வந்த நார்மன்காரர்கள் கோட்டை கட்டக் குவித்த மண்மேடு இருந்தது. தொள்ளாயிரம் வருஷப் பழசு. அரசாங்க அனுமதியில்லாமல் அதில் ஒரு முளைக்குச்சி அடித்தாலும் வழக்குதான். ஆல்வினோ உச்சியில் பெஞ்சே நட்டிருந்தார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், ஒரு விடியற்காலையில் திருட்டுத்தனமாக நட்டது. அவர் குழி தோண்ட, மனைவி நெஸ்டா காவல் நின்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன. அன்று முதல் நாலு மணித் தேநீர் அங்கேதான். நெஸ்டா போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகியும், அவளுக்கு இடம் விட்டு ஓரமாகத்தான் உட்காருவார். அவளோடு பேச அவருக்கு வேறு இடமில்லை.

"பார்த்தா பெஞ்சைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. பிடுங்கி ஒளிச்சு வெச்சுட்டு, அப்புறம் நட்டுக்கலாம்."

"மூளைய்யா உனக்கு," என்று கடப்பாரையை எடுத்து வந்தார் கிளிஃபோர்ட்.

பிடுங்கியதில் ஒரு கால் முறிந்தது. குழிகள் பல்லை இளித்தன. மேட்டின் பின்புறம் புல்லைப் பெயர்த்து வந்து அடைத்தார்கள். அங்கே பாய் அகலத்துக்கு வழுக்கை விழுந்தது. அதை மறைக்கக் காய்ந்த புல்லைப் பரப்பினார்கள். தீனியைக் கண்ட நாற்பது ஆடுகளும் ஓடி வந்து மேட்டையே உழுதுவிட்டன.

"உன்னைக் கூப்பிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"யோசனை உன்னது. என்னது கடப்பாரை மட்டும்தான்."

ஆய்வாளர் மிஸ் ஹார்கெஸ்ட் கோப்போடு வந்தாள். ஆடுகளை விலக்கிக்கொண்டு உச்சிக்கு ஏறி, நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள். ஆல்வின் தொப்பியைக் கழற்றினார். பொய் வரவில்லை.

"இங்க ஒரு பெஞ்சு இருந்துச்சும்மா. நானும் என் வீட்டுக்காரியும் களவாணித்தனமா வெச்சது. அபராதம் போடுங்க, ஜெயில்ல வேணாலும் போடுங்க. பெஞ்சை மட்டும் திரும்ப வெச்சுக்க விடுங்க. அவ இல்லாம என்னால முடியல."

ஆய்வாளர் கோப்பிலிருந்து ஒரு பழைய அனுமதித் தாளை நீட்டினாள். கீழே நெஸ்டாவின் கையெழுத்து.

"அவங்க அப்பவே முறைப்படி அனுமதி வாங்கிட்டாங்க மிஸ்டர் புரோபர்ட். உங்களுக்குத் தெரிய வேண்டாம்னும் எழுதியிருக்காங்க. திருட்டுன்னு நெனச்சாத்தான் சந்தோஷமாத் தோண்டுவீங்களாம்."

ஆல்வின் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அடிப்பாவி, கடைசி வரைக்கும் மூச்சு விடலியே."

"இருங்க, முழுசாப் படிங்க," என்றாள் மிஸ் ஹார்கெஸ்ட். "அனுமதிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: பெஞ்சைப் பிடுங்கக் கூடாது."