கயிற்றுச் சாமியும் தொந்திப் பூதமும்

வெள்ளிக்கிழமை காலை ரயில் சேரன்மகாதேவியில் நின்றால் முதலில் இறங்குவது வயிறுகள்தான். ஆட்கள் அப்புறம் வருவார்கள். திருநெல்வேலி டவுனிலிருந்து வக்கீல் வயிறு, அம்பாசமுத்திரத்திலிருந்து அரிசி மண்டி வயிறு, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்து ரயிலேறிய வாழைத்தோப்பு வயிறு. எல்லாம் அசைந்து அசைந்து ஆற்றங்கரை மண்டபத்துக்குப் போகும். அந்தப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கி ஏழெட்டு வருஷந்தான் ஆகியிருந்தது. ரயிலால் ஊருக்குக் கிடைத்த பெரிய லாபம் கயிற்றுச் சாமி.

சாமியின் உபதேசம் ரொம்பச் சுருக்கம்.

"சோத்துனால தொந்தி வருதுன்னு எந்த மடையன் சொன்னான்? பூதத்துனால வருது! நாப்பது வயசு தாண்டினா ஆம்பளை வயித்துல ஒரு பூதம் குடியேறுது. நீரு பட்டினி கெடந்தா அது பசிச்சு உம்ம ஈரலைத் திங்கும். அதனால நல்லாச் சாப்பிடும். பூதத்தை எங் கயிறு பாத்துக்கிடும்."

இப்படி ஒரு சாமியை யாருக்குத்தான் பிடிக்காது? மற்ற சாமிகள் விரதம் இருக்கச் சொல்கிறார்கள். இவர் இன்னொரு கரண்டி நெய் ஊற்றச் சொல்கிறார். தொந்தி வைத்தவன் குற்றவாளி இல்லை, பூதம் பிடித்த அப்பாவி என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். டவுன் வக்கீலுக்கே அப்படி ஒரு தீர்ப்பை வாங்கத் தெரியாது.

வைத்திய முறையைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்தவரைக் கிழக்கு முகமாக நிறுத்துவார். நன்றாக முறுக்கிய நூல் கயிறு ஒன்றைச் செம்புத் தவலையில் இருக்கும் ஆற்றுத் தீர்த்தத்தில் போட்டு, மந்திரம் நூற்றெட்டும் முடியும்வரை ஊறவிடுவார். ஊறிய கயிற்றைத் தொந்தியைச் சுற்றி இழுத்து, ஒரு முழுச் சுற்று முடியும் இடத்தில் சிவப்பு நூலால் அடையாளம் கட்டுவார். அதுதான் பூதத்தின் அளவு. கயிற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டும். சோற்று வாசனைக்கு எழுந்து வரும் பூதத்தைக் கயிறு அப்படியே பிடித்துக்கொள்ளுமாம். மூன்றாவது வெள்ளிக்கிழமை அதே கயிற்றோடு வந்தால் மறுபடி சுற்றிப் பார்ப்பார். சிவப்பு நூல் வரை சுற்றினால் கயிறு தொளதொளவென்று நிற்கும். நாலு விரல் இளைப்பு! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இளைத்தவர் பூதத்துக்குப் படையல் போடுவார்: ஒரு தவலைச் சோறு, சொதி, நெய், ஒரு சீப்புப் பழம். பூதத்தின் சார்பில் சாமியே அதைச் சாப்பிட்டு முடிப்பார்.

சாமி இந்த ஊருக்கு வந்தபோது தண்ணீர் இறைக்கிற கமலைக் கம்பு மாதிரி ஒல்லியாக இருந்தார். ஆறே மாதத்தில் அவருக்கு முன்னால் ஒரு தொந்தி நடக்க ஆரம்பித்தது. இதென்ன என்று யாரோ தைரியமாகக் கேட்டும் விட்டான்.

"உங்ககிட்டேருந்து புடிச்ச பூதமெல்லாம் எங்கன போவும்? எல்லாத்தையும் நாந்தானே வே சொமக்குதேன்!" என்றார் சாமி.

கேட்டவன் காலில் விழுந்தான்.

சாமியின் புகழைத் தாங்கிய தூண் ஒருவர் உண்டு. காந்திமதிநாத பிள்ளை, வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருஷம் சர்க்காரில் நிலம் அளந்து பென்ஷன் வாங்கியவர். ஊரில் 'சர்வே பிள்ளை' என்றால்தான் தெரியும். அவர் வயிற்றில் நாலு விரல் இளைப்பு என்று தெரிந்ததும் கூட்டம் இரட்டிப்பானது. "அளக்கத் தெரிஞ்ச மனுசனே ஒத்துக்கிட்டாரு, நமக்கென்ன?" என்றார்கள். சாமியும் ஒவ்வொரு வெள்ளியும் அவரை முன்னால் நிறுத்தி, "சர்வே பிள்ளையே சாட்சி!" என்று கூவுவார். பிள்ளைக்கு அதில் கொஞ்சம் பெருமை. இல்லை, நிறையப் பெருமை.

ஆனால் அவர் சாமியிடம் போனது பெருமைக்காக இல்லை, பயத்தால். அண்ணன் சங்கரசுப்பிரமணியனுக்கும் இதே வயிறு, இதே இரைப்பு, இதே கால் வீக்கம். அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, ஐம்பத்தொன்பதாவது வயதில், சாப்பாட்டு இலைக்கு முன்னாலேயே சாய்ந்துவிட்டார். பிள்ளைக்கு வருகிற தையில் அறுபது. ஆஸ்பத்திரி டாக்டர் அவருடைய காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சோற்றைப் பாதியாகக் குறையும். ராத்திரி நெய்யும் அல்வாவும் வேண்டாம். கீரையும் பயறும் சாப்பிடும். தினமும் ஆறு வரை நடந்து போய் வாரும்" என்றார். அதில் மந்திரமும் இல்லை, தவலையும் இல்லை. பிள்ளைக்கு நம்பிக்கை வரவில்லை.

சித்திரையில் ஒருநாள், அறுபதாம் கல்யாணத்துக்குப் பட்டுப்பாய் நெய்வதற்கு அளவு கேட்டுப் பத்தமடையிலிருந்து ஆபிதா பீவி வந்திருந்தார். பாயில் மாப்பிள்ளை பெண் பெயரை எழுத்தாகவே நெய்துவிடுகிற கைக்காரி. அவர் வாசலில் உட்கார்ந்திருக்க, உள்ளே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிள்ளையின் சம்சாரம் கோமதி ஆச்சி, முதல் கல்யாணத்தில் போட்ட வெள்ளி அரைஞாணை எடுத்து அவர் இடுப்பில் சுற்றிப் பார்த்தார். கல்யாணத்தன்று அதையே மறுபடி போட வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை.

"பங்குனியில கட்டிப் பாத்தப்போ ஒரு சாண் எட்டல. இப்போ ஒரு சாணும் ரெண்டு விரலும் எட்டல."

"கயித்துல நாலு விரல் இளைச்சிருக்கேன். ஊரே பாத்துச்சு."

"அப்போ இது என்னவாம்?"

பிள்ளை யோசித்தார். முப்பது வருஷ சர்வே மூளையைக் கசக்கி யோசித்தார்.

"வெள்ளி சுருங்கிட்டு" என்றார்.

வாசலில் ஆபிதா பீவி சிரித்தது உள்ளே கேட்டது. பிள்ளை மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன தங்கச்சி சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. முதல் தடவை அளக்கும்போது கயித்தை நனைச்சாரா அந்தச் சாமி?"

"தீர்த்தத்துல ஊறப்போட்டாரு."

"ரெண்டாவது தடவை?"

"அடுப்புக்கு மேல கெடந்ததுதானே, காய்ஞ்சுதான் இருந்துச்சு. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? பதினஞ்சு வருசத்துக்கு முந்தி ஐப்பசி மழையில எங்க மாமனார் வயலை அளக்க வந்திய, ஞாபகம் இருக்கா? எங்க வரப்பு ரெண்டு கயிறு தூரம் கூடுதலா வந்துட்டுன்னு பக்கத்து வயக்காரன் சண்டைக்கு நின்னான். நீங்க அவன் கையில இருந்த ஈரக் கயித்தைப் பிடுங்கி வாய்க்கால்ல எறிஞ்சிய. 'மடப்பயலே, நனைஞ்சா கயிறு குட்டையாவும்லே! குட்டைக் கயித்தால அளந்தா நெலம் கூடத்தான் வரும்! நாளைக்கு வெயிலடிச்சா வரப்பு நடந்து போயிருமா?'ன்னு கேட்டிய. பொறவு இரும்புச் சங்கிலியைப் போட்டு அளந்திய. அந்த நெலம் இன்னும் எங்ககிட்டதான் இருக்கு."

பிள்ளையின் கை தானாக வயிற்றைத் தடவியது.

"எங்க பாவு நூலும் அப்படித்தான். மழைநாள்ல தறியில விண்ணுன்னு இறுகும். வெயிலடிச்சா தொஞ்சு போவும். வயலுக்குச் சங்கிலி போட்டிய. வயித்துக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி கயிறு?"

இது பத்தமடையில் பாய் நெய்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏன் அப்படி ஆகிறது என்பது இன்னும் அழகானது. வெற்றிலைக் கொடியைப் பாருங்கள். ஒல்லியான அகத்தியைச் சுற்றி ஏறினால் பத்து முழக் கொடி நல்ல உயரம் போய்விடும். அதே கொடி தடித்த மரத்தைச் சுற்றினால் உயரம் குறைந்துவிடும், கொடியின் நீளமெல்லாம் சுற்றுவதிலேயே செலவாகிவிடும். கயிற்றுக்குள் இருக்கிற இழைகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கிற கொடிகள்தான். தண்ணீர் குடித்தால் இழைகள் தடிக்கும். தடித்தால் சுற்றுக்கு அதிக நீளம் வேண்டும். அதனால் கயிறு குறுகும். காய்ந்ததும் பழையபடி நீளும். இதில் பூதத்துக்கு எந்த வேலையும் இல்லை.

பிள்ளைக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததை வயலோடு விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு மாதமாக இறங்கிய நெய்யும் அல்வாவும் நெஞ்சில் வந்து நின்றன. அண்ணனின் இலை ஞாபகம் வந்தது. தன்னைச் சாட்சியாக நம்பி ரயிலேறி வந்த வயிறுகள் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு இப்படி ஒரு இலை காத்திருக்கிறதோ என்ற எண்ணமும் வந்தது.

"கோமதி, அந்த அரைஞாணை எடு. வெள்ளிக்கிழமை வேலை இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. சாமி வழக்கம்போல், "இந்தா வந்துட்டாரு சாட்சி!" என்று கை நீட்டினார்.

"சாட்சி சொல்லத்தான் வந்தேன். அதுக்கு முந்தி ஒரு புது வயித்தை அளக்கணும்" என்றார் பிள்ளை.

"ஆளு எங்க?"

பிள்ளை மண்டபத்தின் ஒல்லியான கல்தூணைத் தட்டினார். "இவருக்கும் நாப்பது தாண்டியாச்சு. பூதம் இருக்கான்னு பாத்துருவோம்."

கூட்டம் சிரித்தது. சாமி சிரிக்கவில்லை. "கல்லுக்கு ஏது வே பூதம்?"

"இல்லைன்னா இளைக்காதுல்லா? அதைத்தான் பாக்கணும்."

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சாமியின் கயிறே சாமியின் தவலையில் ஊறியது. நூற்றெட்டு மந்திரமும் முடிந்தது. பிள்ளை ஈரக் கயிற்றைத் தூணைச் சுற்றி இழுத்து, சுற்று முடிந்த இடத்தில் சிவப்பு நூலைக் கட்டினார். பிறகு மடியிலிருந்து வெள்ளி அரைஞாணை எடுத்து அதே இடத்தில் சுற்றினார். தூணைச் சுற்றி வந்து இரண்டு கண்ணி மிஞ்சியது. "ரெண்டு கண்ணி. எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்றார். கூடவே வந்திருந்த ஆபிதா பீவி கயிற்றை வாங்கிப் படித்துறைக் கல்லில் விரித்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தார். சித்திரை வெயில் தன் வேலையைச் செய்தது. கூட்டம் கட்டுச்சோற்றைப் பிரித்தது.

உச்சியில் கயிற்றை எடுத்துச் சுற்றினார்கள். சிவப்பு நூல் வரை வந்ததும் கயிறு தொளதொளத்தது. இரண்டரை விரல்!

"ஏலே, தூணு இளைச்சுட்டுலே!" என்று அரிசி மண்டி வயிறு கத்தியது.

சாமி சாமான்யப்பட்டவரா? துள்ளி எழுந்தார். "பாத்தியளா! கல்லுக்குள்ள ஒளிஞ்சிருந்த பூதத்தையே எங் கயிறு புடிச்சுட்டு!"

பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது! பிள்ளை வெள்ளியை எடுத்துத் தூணில் சுற்றினார். அதே இரண்டு கண்ணி.

"தூணு இளைச்சிருந்தா இன்னும் நாலஞ்சு கண்ணி மிஞ்சணும். ஏன் மிஞ்சல?"

சாமி தொண்டையைக் கனைத்தார். "வெள்ளி சுருங்கிட்டு" என்றார்.

தன் மடத்தனத்தை அடுத்தவன் வாயில் கேட்பது போன்ற வைத்தியம் வேறு கிடையாது. பிள்ளையின் காது சிவந்தது. அதற்குள் ஆபிதா பீவி காய்ந்த கயிற்றை எடுத்துத் திரும்பத் தவலைக்குள் போட்டுவிட்டார்.

"சாமி சொன்னா சரிதான். வெள்ளி கெடக்கட்டும். பூதம் போன தூணைக் கடைசியா ஒரு தடவை அளந்துருவோம்" என்றார் அவர்.

இந்தத் தடவை யாரும் மந்திரம் சொல்லவில்லை. கயிறு மந்திரம் இல்லாமலே ஊறியது. எடுத்துச் சுற்றினார்கள். காலையில் நின்ற இடத்திலேயே சிவப்பு நூல் வந்து நின்றது. ஒரு நூல் தொய்வில்லை.

"அடடா!" என்றார் ஆபிதா பீவி. "அதுக்குள்ள தூணு கொழுத்துட்டே! இதுக்கு யாரு அண்ணாச்சி நெய்ச்சோறு போட்டா?"

முதலில் சிரித்தது வக்கீல் வயிறு. அப்புறம் மண்டபமே குலுங்கியது. ஒருவர் தன் கயிற்றைத் தவலையில் முக்கினார், இன்னொருவரும் முக்கினார். முக்கி எடுத்துச் சுற்றியவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. இளைத்த வயிறெல்லாம் கண் முன்னாலேயே பழையபடி வந்து நின்றது.

திரும்பிப் பார்த்தால் சாமியைக் காணோம்.

தூரம் போக முடியவில்லை. பக்கத்து வாழைத்தோப்பில், மடை ஓரமாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரைக்க இரைக்கப் பிள்ளையும் போய்ச் சேர்ந்தார்.

"உம்ம பேரு என்ன வே?"

"பலவேசம்."

"முந்தி என்ன தொழில்?"

"சந்தையில கமலைக் கயிறு திரிச்சு வித்தேன்."

"இப்பவும் அதைத்தான் செய்யுதீரு. சரி, ஓட முடியலையே, ஏன்? பூதமா?"

பலவேசம் தன் தொந்தியைக் குனிந்து பார்த்தார்.

"இல்ல பிள்ளைவாள். சோறுதான்" என்றார்.

ஆறு மாதத்தில் தொந்தியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். பின்னால் வந்த கூட்டம் முழுக்க அதைக் கேட்டது.

மறுநாளிலிருந்து பிள்ளை பாதிச் சோறு, தட்டாம்பயறு, கீரை, வாழைத்தண்டு என்று இறங்கினார். முதல் வாரம் சமையல்கட்டைப் பார்த்துக் கண் கலங்கினார். தினமும் காலையில் ஆறு வரை பைய நடந்தார். ஆவணியில் கால் வீக்கம் வடிந்தது, கார்த்திகையில் இரைப்பு குறைந்தது. தையில் பத்தமடைப் பட்டுப்பாயில் மாப்பிள்ளையாக உட்கார்ந்தார். வெள்ளி அரைஞாண் இன்னும் இரண்டு விரல் எட்டவில்லை. ஆச்சி அந்த இடைவெளியை இணைக்க மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்து வந்தார்.

"கட்டு" என்றார் பிள்ளை. "ஆனா நனைக்காமக் கட்டு."

சேரன்மகாதேவி ரயிலில் இப்போதும் கூட்டந்தான். ஏதோ ஓர் ஊரில் வழுக்கைத் தலையில் மயிர் முளைக்க வைக்கிற சாமி வந்திருக்கிறாராம். போகிறவர்கள் போகட்டும். அங்கேயும் ஏதாவது ஒன்றைத் தீர்த்தத்தில் முக்கித்தான் காட்டுவார்கள். கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு முன்னால், வாங்கி ஒருமுறை நீங்களே நனைத்துப் பாருங்கள்.