எம்டன் மேஸ்திரியின் சாட்சி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் எம்டன் மேஸ்திரியைப் போல வாய் கூசாமல் பொய் சொன்ன ஆள் அவருக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டபோது, தாம் அங்கே கடற்கரையில் நின்றிருந்ததாகச் சொல்வார். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டே இருபது வருஷம் வண்டி ஓட்டினார்.

வருஷந்தோறும் அந்தத் தேதியில் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து தோல் ஊறப்போட வைத்திருக்கும் ஆவாரம்பட்டை மூட்டை மேல் ஏறி உட்காருவார். வேலை நின்றுவிடும். நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த வருஷம் கப்பல் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தது. அடுத்த வருஷம் கரைக்கே வந்துவிட்டது. அதற்கடுத்த வருஷம் ஜெர்மன் கேப்டன் இவருக்கு சலாம் வைத்தான்!

"இன்னா மேஸ்திரி, அவன் சுருட்டு கேக்கலியா?" என்பான் தொட்டி வேலை செய்யும் காதர்.

"போடா. குண்டுச் சத்தத்துல இந்தக் காது பூட்ச்சு. உனக்கு இன்னா தெரியும்?"

அந்தக் காது முதலாளி வேலை சொல்லும்போது மட்டும்தான் கேட்காது. பிரியாணி என்று அடுத்த தெருவில் முணுமுணுத்தாலும் கேட்கும். தோல் சீவும் கத்தி வழுக்கி அவர் முழங்காலைக் கிழித்ததை நாங்களே பார்த்தோம். வெட்கமில்லாமல் அதையும் எம்டன் தலையில் போட்டார்.

பிறகு எனக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கும்போல இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் என் வயதை இரண்டு வருஷம் கூட்டி எழுதிவிட்டிருந்தார்கள். அதன்படி நான் வயது கடந்தவன். என் பிறந்த நாளுக்கு வெளியாள் ஒருவர் தாசில்தார் முன் சத்தியம் செய்தால்தான் வேலை.

"எம்டன் குண்டு போட்ட அன்னிக்குத்தான் நீ பொறந்தே," என்றாள் அம்மா. "மருத்துவச்சியக் கூட்டியாந்தது மேஸ்திரிதாண்டா. அவ போய்ச் சேந்துட்டா. இப்ப அவரு ஒருத்தர்தான் சாட்சி."

தலையில் கை வைத்துக்கொண்டேன். அன்று ஆம்பூரில் இருந்ததாக ஒப்புக்கொண்டால் கடற்கரை என்னாவது? அந்த மனுஷனுக்குக் கப்பலை விட்டால் வேறு சொத்து கிடையாது. இருந்தும் போய்க் கேட்டேன். கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டார். மனதாரத் திட்டினேன்.

விசாரணையன்று வேடிக்கை பார்க்க ஷாப்பே திரண்டு வந்தது. தலைப்பாகையோடு மேஸ்திரியும் வந்து நின்றார்.

"எம்டன் குண்டு போட்டபோது நீர் எங்கே இருந்தீர்?" என்று கேட்டார் தாசில்தார்.

மேஸ்திரி எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஆம்பூர்லதான் சாமி. இவன் பொறந்த வூட்டு வாசல்ல நின்னுனு இருந்தேன். மெட்ராஸ நான் பாத்ததே இல்ல."

காதர் சிரித்த சிரிப்பில் சேவகன் வந்து அவனை வெளியே தள்ளினான். எனக்கு வேலை கிடைத்தது. அடுத்த செப்டம்பரில் மேஸ்திரி மூட்டை மேல் ஏறவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இன்றைக்கும் என் வீட்டில் எம்டன் பேச்சு வந்தால், பிள்ளைகளிடம் அடித்துச் சொல்வேன்: அன்று எங்கள் மேஸ்திரி சென்னைக் கடற்கரையில்தான் இருந்தார், கேப்டனே அவருக்கு சலாம் வைத்தான்.