குர்கான் எல்லைக்கு உட்பட்ட சாம்பார்

வலங்கைமான் கடைத்தெருவில் அம்சவல்லி மெஸ் என்று ஒன்று இருந்தது. அம்சவல்லி சமைப்பார், அவர் கணவர் ரெத்தினம் பரிமாறுவார், நாங்கள் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வோம். கண்ணாடிக் கதவு உண்டா, ஏசி உண்டா, மன்னார்குடியைப் பாருங்க என்று ரெத்தினத்தின் காதில் ஓதிக்கொண்டே இருந்தோம். நாடே தாராளமயமாகிவிட்ட பிறகு நாங்கள் மட்டும் வியர்க்க வியர்க்கச் சாப்பிடுவதா?

மனுஷன் மயங்கிவிட்டார். டில்லிக்குப் பக்கத்துக் குர்கானைத் தலைமையிடமாகக் கொண்ட ‘தஞ்சோர் ராஜபோஜன்’ என்னும் மாபெரும் நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் உரிமத்தை, அதாவது ஃபிரான்சைஸ், எடுத்தார். தடிமனான ஒப்பந்தத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. போர்டு மாறியது, கண்ணாடிக் கதவு வந்தது, ஏசி வந்தது. தஞ்சாவூர் சாம்பார் பாக்கெட்டில் உறைந்துபோய்க் குர்கானிலிருந்து லாரியில் வந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் லாரி வரவில்லை. ஜனங்கள் பசியோடு உட்கார்ந்திருக்க, அம்சவல்லி பருப்பை வேகவைத்து, முருங்கைக்காய் போட்டு, தன் கையாலேயே சாம்பார் வைத்துவிட்டார். அன்றைக்குப் பார்த்துக் கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்து தொலைத்தார். ஒரு கரண்டி குடித்துவிட்டு, ‘தரநிர்ணயத்துக்கு முரணான ருசி’ என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. உரிமம் ரத்து; மேற்படி அம்சவல்லி மூன்று வருடங்களுக்கு வலங்கைமான் தாலுகாவில் தஞ்சாவூர் சாம்பார் வைக்கக் கூடாது.

இருவரும் வக்கீல் டேவிட்சனிடம் ஓடினார்கள்.

“சட்டம் உங்க பக்கம்தாங்க,” என்றார் வக்கீல். “ஒப்பந்தம் முடிஞ்சப்புறம் ஒருத்தர் தொழிலைத் தடுக்க முடியாது. ஆனா அதை இங்க சொல்ல முடியாது. தகராறுன்னா குர்கான்லதான், கம்பெனி போடுற மத்தியஸ்தர் முன்னாடிதான்னு எழுதியிருக்கு.”

“வச்சது இங்க, தின்னது இங்க. நம்ம ஸ்டேட் சட்டம் வாயே திறக்காதா?” என்றார் ரெத்தினம்.

“ஃபிரான்சைஸுக்குன்னு நம்ம ஸ்டேட்ல தனிச் சட்டம் கிடையாதுங்க. கையெழுத்து உங்களோடதுதானே?”

“எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான்,” என்றார் அம்சவல்லி. “குர்கானுக்கே போவோம்.”

போனார்கள். மத்தியஸ்தர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. ஆயுளில் சாம்பாரே சாப்பிடாதவர், ஆகவே பாரபட்சமற்றவர். கம்பெனி சமையலறையிலேயே அம்சவல்லியைச் சாம்பார் வைக்கச் சொன்னார். பாக்கெட் சாம்பாரையும் அதையும் மாறி மாறிக் குடித்தார். பிறகு தீர்ப்பு:

ஒப்பந்தப்படி பாக்கெட்டில் உள்ளதே தஞ்சாவூர் சாம்பார். அம்சவல்லி வைத்தது அதுபோல் இல்லாததால் அது தஞ்சாவூர் சாம்பார் அல்ல. எனவே அதை வைக்கத் தடையில்லை. அது எந்த ஊர் சாம்பார் என்ற கேள்வி எழுகிறது. மேற்படி சாம்பார் குர்கானில் கொதித்ததால் அது குர்கான் சாம்பாரே.

அம்சவல்லி தீர்ப்பைத் தலைமேல் ஏற்றுக்கொண்டார். ஊர் திரும்பியதும் புது போர்டு வைத்தார்: ‘ஒரிஜினல் குர்கான் சாம்பார்’.

அடேயப்பா, என்ன கூட்டம்! குத்தாலத்திலிருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். கண்ணாடிக் கதவும் போயிற்று, ஏசியும் போயிற்று, ஒருவரும் கவனிக்கவில்லை. “வடக்கத்தி ருசியே தனிதாங்க, நம்ம ஊர்ல யாருக்கு இந்தப் பக்குவம் வரும்?” என்று நானும் அம்சவல்லியிடமே சொல்லிவிட்டு, பழைய வழக்கத்தில், “உப்புதான் ஒரு கல் கம்மி,” என்றேன்.

அவர் கரண்டியால் போர்டின் கடைசி வரியைக் காட்டினார்: ‘ருசி பற்றிய தகராறுகள் அனைத்தும் குர்கான் எல்லைக்கு மட்டுமே உட்பட்டவை.’

“ரயில் ஏறுறீங்களா, இன்னொரு கரண்டி ஊத்தவா?”

நான் இலையை அவர் பக்கம் நகர்த்தினேன்.