பொத்தானை அமுக்கினால் நின்றுவிடும்

புத்திசாலி என்று ஊரே சொல்லும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்கு வேறு சனியன் தேவையில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்தான்.

பூனாகலைப் பக்கம், மலைச்சரிவுக்கு அடியில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்தான் எங்கள் லயம். மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய நாளிலிருந்து, மழை வலுத்தால் இங்கே யாருக்கும் சோறு இறங்காது. பதுளையில் மைக்ரோகன்ட்ரோலர் படித்துவிட்டு வந்த நான், மழையை அளந்து, அளவு மீறினால் சைரன் அடிக்கும் பெட்டி ஒன்றைச் செய்தேன். சி மொழியில் நிரல் எழுதியது என் சொந்தக் கை. (நாசமாய்ப் போன கை.)

காலைப் பெரட்டில், வேலைக்குக் கூடியிருந்தவர்களிடம் நானே அறிவித்தேன்: "இன்னைக்கு சோதிச்சுப் பாக்கப் போறேன். கொஞ்சம் கத்திட்டு நின்னா பயப்படாதீங்க. நிக்காம கத்துனா நெசம். கோயில் மேட்டுக்கு ஓடிருங்க."

"பொத்தான அமுக்குனா நிக்குமில்ல?" என்றார் கங்காணி.

"அமுக்குன ஒடனே நிக்குங்க!"

பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சிப் தன் வேலையில் இருக்கும்போது மழைமானி கதவைத் தட்டினால், ஓடிப்போய்க் கவனிக்க எழுதும் சிறு நிரல்தான் இன்டரப்ட் ரூட்டீன். சேதியை வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிட வேண்டும். அது முடியும்வரை வேறு யார் தட்டினாலும் கதவு திறக்காது. நானோ அதற்குள்ளேயே, 'பொத்தானை அமுக்கும்வரை கத்திக்கொண்டே இரு' என்று எழுதிவைத்திருந்தேன். பொத்தானும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

மழைமானியில் தண்ணீரை ஊற்றினேன். சைரன் கத்தியது. கங்காணி கைதட்டினார். பொத்தானை அமுக்கினேன். கத்தியது. குத்தினேன். கத்தியது. பேட்டரியைப் பிடுங்கலாம் என்றால், களவு போகக்கூடாதென்று அதைக் கம்பத்து உச்சியில் பூட்டிவைத்த மகானும் நானே. ஏறினேன்.

மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நான் சொன்னபடியே கூடையைப் போட்டுவிட்டுக் கோயில் மேட்டுக்கு ஓடினார்கள். அம்மா மட்டும் கீழே, லயத்தை நோக்கி ஓடிவந்தாள். பக்கவாதத்தில் படுத்த அப்பா உள்ளே இருந்தார். "சும்மாம்மா! பொய்ம்மா!" என்று கம்பத்தில் தொங்கியபடி அலறினேன். அந்தச் சத்தத்தில் எது கேட்கும்? படியில் சறுக்கி விழுந்தாள். எழுந்து உள்ளே போய், ஒரு கை தொங்க, மறு கையால் அப்பாவை வாசலுக்கு இழுத்து வந்தாள். எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்தேன்.

சாவி வீட்டில் கிடந்தது; பூட்டை உடைத்து வயரைப் பிடுங்கி இறங்கி ஓடினேன்.

"மண்ணு எங்கடா?" என்றாள்.

"வரலம்மா. சைரன் நிக்கல, அவ்வளவுதான்."

"அடப்பாவி! நிக்காம கத்துனா நெசம்னு நீதானடா சொன்ன?"

முறிந்த மணிக்கட்டு சரியாகப் பொருந்தவில்லை. அம்மா அப்புறம் கொழுந்து பறிக்கவே இல்லை. நிரலைத் திருத்திவிட்டேன், இப்போது பொத்தானை அமுக்கினால் நிற்கிறது. யார் நம்புகிறார்கள்? மழைக்கு முன்னால் அம்மாவின் கை கடுக்கும். வானம் கறுத்தால் லயத்தார் என் பெட்டியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. எங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா, கை எப்படி இருக்கு?" என்கிறார்கள். வீட்டில் அந்தக் கைக்குப் பெயரே 'நல்ல சைரன்'.

போன மழையில் என் சைரன் சரியாகத்தான் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. அம்மா வாசலில் நின்று, "கை உயிர் போகுதுடி, ஓடுங்க!" என்று கத்தியதும் மொத்த லயமும் ஓடியது.

கோயில் மேட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"வலியுமில்ல, ஒண்ணுமில்ல. ஒன் பொட்டி கத்துச்சுல்ல?" என்றாள்.