துபாய்க்குப் போன மன்றாட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயம் உண்மை.

தொண்ணூறுகளின் கடைசி. விவேக் நகரில் குடியிருந்தோம். கோவில் பாடகர் குழுவில் என் மனைவி ஸ்டெல்லா பாடுவாள். அங்கே கீபோர்டு வாசிக்க அருள்ராஜ் என்று ஒருவன் புதிதாக வந்தான். சுருட்டை முடி. "அக்கா, உங்க குரலுக்கு இன்னும் கொஞ்சம் மேல தூக்கி வாசிக்கட்டுமா?" என்று ஒருநாள் கேட்டான். அதோடு எனக்குச் சோறு இறங்கவில்லை. (அக்கா என்றுதான் கூப்பிட்டான். அதிலேயே ஏதோ திட்டம் இருப்பதாகப் பட்டது.) பயிற்சி நடக்கும்போது செருப்பைத் தேடுகிற மாதிரி ஜன்னலோரம் நிற்க ஆரம்பித்தேன்.

"இன்னொரு தடவ ஜன்னல்ல உங்க தலையப் பார்த்தேன், தங்கவயலுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்" என்றாள் ஸ்டெல்லா. சொன்னால் செய்கிறவள். பயந்துபோய் வைத்தியம் தேடினேன்.

முதலில் லிங்கராஜபுரத்துச் சகலை, ஸ்டெல்லாவின் அக்கா புருஷன். இருவரையும் உட்கார வைத்து, "தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்கு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, கொஞ்சம் விட்டுக்கொடு சகலை" என்று தீர்ப்புச் சொல்லிப் பிரியாணி போட்டார். பிரியாணியில் குறையில்லை. வீடு திரும்பும் பஸ்ஸிலேயே சண்டை.

அப்புறம் ஓர் ஆஸ்பத்திரியில் கவுன்சலிங் அம்மா. ஸ்டெல்லா சொல்வதை நான் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டுமாம், அப்போதுதான் மனசு புரியுமாம். நல்ல முறைதான். ஆனால் என்னிடம் சொல்லாத கதையெல்லாம் அவரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்கு அந்த அம்மா மேலும் பொறாமை வந்துவிட்டது. (தலை முழுக்க நரைத்தவர்.) அடுத்த வாரம் போகவில்லை.

கடைசியாகக் கோவிலில் தம்பதிகள் ஜெபம். கைகோத்து நின்று, மனதில் உள்ளதைச் சத்தமாக மன்றாட வேண்டும். குடும்ப சமாதானம் என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"கீபோர்டு வாசிக்கும் தம்பி அருள்ராஜுக்கு துபாயில் சீக்கிரம் வேலை கிடைக்க, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது மொத்தக் கோவிலும். அருள்ராஜும் கண்ணை மூடி உருக்கமாகச் சொன்னான். ஸ்டெல்லாவின் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது.

தங்கவயல் பஸ்தான் என்று முடிவுகட்டினேன். வாசலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பு.

"துபாய் எதுக்குங்க? மைசூர் போதாதா?"

"மைசூர்னா ஞாயித்துக்கிழமை வந்துருவான்."

சிரிப்பு நின்றது. "அவ்ளோ பயமா? அத என்கிட்ட சொல்லாம ஜன்னல்ல போய் நிக்கிறீங்களே."

"பயம்தான்" என்றேன். அதுவரை சந்தேகம், கோபம் எல்லாம் சொல்லியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. அவள் என் கையை விடாமலே வீடு வரை வந்தாள்.

கவுன்சலிங் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் என் வாயைத் திறந்துவிட்டவர் ஆண்டவர்தான்.

அருள்ராஜுக்கு துபாயில் வேலை கிடைத்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் பேரீச்சம்பழத்தோடு வந்து, "எல்லாம் அண்ணன் ஜெபம்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வான். சொந்தத்தில் யாருக்காவது வேலை இல்லையென்றால் ஸ்டெல்லா சொல்வாள்: "இவர கொஞ்சம் பொறாமைப்பட வைங்க. விசா தானா வந்துரும்."

இதைப் படித்தவர்கள் நாலு தம்பதிகளுக்குச் சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல். ஸ்டெல்லா சொல்வதைக் கேட்டுச் சொல்லாதீர்கள். அவள் கதையில் நான் தேம்பி அழுகிறேன். நான் தேம்பவில்லை.