சீனப் புத்தகத்தைத் தமிழில் வாசித்தவர்

பினாங்குத் தீவு முழுக்கத் தேடினாலும், சீனப் புத்தகத்தைத் தமிழில் வாசித்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் லாமா அண்ணன்.

பழைய பேப்பர் வாங்குகிற லோரிக்காரர். "சூராட் காபார் லாமா", பழைய பேப்பர் என்று மலாயில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டே வரும். கடைசியில் அதுவே பேராகிவிட்டது. டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நான் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, விற்கிறேன். வாழையிலைக்கு மேல் சுற்ற அவரிடம்தான் பேப்பர் வாங்குவேன். சுற்றுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் கண்ணாடி போட்டுப் பார்ப்பேன். படங்களைத்தான். படிக்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள், நான் மறுக்கவில்லை.

பேப்பர்க் கட்டில் வரும் படப் புத்தகங்களை அவர் தனியே எடுத்துவைப்பார். சனிக்கிழமை காலையில் லோரியின் பின்பலகையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு வாசிப்பார். பெரும்பாலும் சீனப் புத்தகம். யானைப் புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு வாரம் அந்த யானை ஜுருவுக்குக் கார் வாங்கப் போய், எந்தக் கதவிலும் நுழைய முடியாமல் திரும்பும். அடுத்த வாரம் அதே யானை பாயான் பாரு ஃபேக்டரியில் வேலை கேட்கும். அளவுக்குச் சட்டை இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். போன வாரம் வேறு மாதிரி சொன்னீர்களே என்று பிள்ளைகள் கேட்டால், சீன எழுத்து அப்படித்தான், வாரத்துக்கு வாரம் மாறும் என்பார்.

ஒரு நாள் தமிழ்ப் புத்தகமே வந்துவிட்டது. அட்டையில் கறுப்பாக ஒரு பறவை. காக்கா கதை என்று ஆரம்பித்தார். அப்போதுதான் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்திருந்த மீனா, அட்டையில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"அங்கிள், காக்கா இல்ல லா. கு... யி... ல். குயில்னு போட்டிருக்கு."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நானும்தான். எனக்கும் அது காக்காவாகத்தான் தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் என் கடைக்கு வந்தார். யானைப் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"அக்கா, நீங்க டெய்லி பேப்பர் படிக்கிறீங்க. எனக்குக் கொஞ்சம் எழுத்து சொல்லிக் குடுங்கக்கா. அந்தப் பிள்ளைங்க முன்னால பொய்க்காரனா நிக்க முடியல."

எனக்கும் பாதி எழுத்து தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் கண்ணாடி போட்டுக் காத்த கௌரவம், சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு எங்க நேரம்? வேற ஆளப் பாருங்க."

புத்தகத்தை எடுக்க மறந்து போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை லோரி சத்தமே இல்லாமல் எங்கள் தெருவைத் தாண்டிப் போனது. பிறகு வரவேயில்லை. தீபாவளி கழிந்து, அவர் நெஞ்சு வலியில் போய்விட்டதாகப் புதிய பேப்பர்காரர் சொன்னார்.

இதை எழுத எனக்குப் பத்து நாள் ஆனது. தெரியாத எழுத்தை மீனாவிடம்தான் கேட்டேன். பொட்டலம் சுற்றப் பேப்பர் தீர்ந்துபோன நாளிலும் அந்த யானைப் புத்தகத்தில் கை வைக்க எனக்கு மனம் வந்ததில்லை.