புரை முத்தவில்லை

காலையில் மில்லுக்குள் ரெண்டு லாரி போனது. சாயங்காலம் ஒன்றுதான் வெளியே வந்தது. கேட் வாட்ச்மேன் சோலை அதை மறித்து நிறுத்தி, கையால் தடவி எண்ணிப் பார்த்துவிட்டு, விசிலை எடுத்து ஊதிவிட்டார்.

"முதலாளி, இன்னொரு லாரியக் காணோம்!"

ஒத்தக்கடை அரிசி மில்லே அல்லோலகல்லோலப்பட்டது. நெல் அவிக்கிற கொட்டகையில் தேடினார்கள். ஒருத்தன் கம்பை எடுத்து உமிக் குவியலுக்குள் விட்டுக் குத்தியே பார்த்துவிட்டான். கேட்டில் நின்ற டிரைவர்தான் கடைசியில் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணே, காலைல வந்தது நான் ஒருத்தன்தாண்ணே."

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம்தான் சோலை அவரையே மறித்து, "யாருய்யா நீ?" என்று கேட்டிருந்தார். அன்றைக்கே ஓர் எருமைக்கு விறைப்பாக சல்யூட் அடித்ததையும் பலர் பார்த்திருந்தார்கள்.

"சோலை, பள்ளிக்கூடத்துல கண் முகாம் போடுறாக. ஆபரேஷன் பண்ணிட்டு வா. இல்லைன்னா வராத."

சோலைக்கு மட்டும் ஆசையில்லையா? போன வருசமே வரிசையில் நின்றவர்தான். "புரை இன்னும் முத்தலை. முத்தட்டும், அடுத்த வருசம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தெருவில் போகிறவர்களெல்லாம் தேங்காயை விசாரிப்பதுபோல, "என்ன, முத்திருச்சா?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேட்டை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. காக்கிச் சட்டையும் விசிலும் போய்விட்டால், சோற்றுக்குக் காத்துக் கிடக்கிற கிழவன்தான். நினைக்கவே பயமாக இருந்தது.

மனைவி தங்கப்பொண்ணுவின் அண்ணன் கண்ணுச்சாமியிடம் போய் யோசனை கேட்டார். போன வருசம் ஆபரேஷன் பண்ணிக்கொண்டதிலிருந்து அவர் சோடாபுட்டிக் கண்ணாடி வழியே ஊரார் வீட்டுச் சுவரில் விரிசல் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, விரலக் காட்டி எத்தனைன்னு கேப்பாங்க. நீ சரியாச் சொல்லித் தொலச்சிருப்ப. சரியாச் சொல்றவனுக்கு எதுக்கு ஆபரேஷன்? தெரிஞ்சாலும் கொறச்சுச் சொல்லு."

"பொய்யின்னு கண்டுபிடிச்சுட்டா, மச்சான்?"

"அதுக்குத்தான் இப்பவே குருடனா நடமாடிப் பழகு. வரிசையில நிக்கிறவுகளே, 'பாவம், இவருக்குச் சுத்தமாத் தெரியாது'ன்னு சாட்சி சொல்லணும்."

சோலை முழுமூச்சாக இறங்கினார். கம்பை ஊன்றித் தடவித் தடவி நடந்தார். பால்காரரின் சைக்கிளில் போய் முட்டினார். பால் தெருவோடு ஓடியது. எதிர் வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்து, "ஏ புள்ள, சோத்தப் போடு" என்று அதட்டினார்.

"நடிக்கிறதுக்கு ஒரு அளவு இல்லையா?" என்று தங்கப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள். "எதுத்த வீட்டு முனியாயி வெளக்கமாத்தோட வந்து நிக்கிறா!"

"அது நடிப்பில்ல புள்ள. நெசமாவே நம்ம வீடுன்னு நெனச்சுட்டேன்."

சேதி மில்லுக்கும் எட்டியது. சோலைக்குச் சுத்தமாகப் பார்வை போய்விட்டதென்று கேள்விப்பட்ட முதலாளி, கேட்டுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார். அந்த ஆள் கண்ணுச்சாமி.

"கோவிச்சுக்காத மாப்ள. நீ திரும்பி வார வரைக்கும்தான்" என்றார் அவர், சோலையின் விசிலை வேட்டியில் துடைத்தபடி.

சோலைக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எப்பாடு பட்டாவது ஆபரேஷன் மேசையில் ஏறிவிட வேண்டியதுதான்.

முகாமன்று விடிந்ததும் தங்கப்பொண்ணு அவரைக் கைப்பிடியாகக் கூட்டிப்போனாள். பள்ளிக்கூட வராந்தாவில் முகாம் ஊழியர் ஒருவர், வரிசையில் வந்தவர்களைச் சோதித்து, டாக்டரிடமோ வீட்டுக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார்.

"எடது கண்ணப் பொத்துங்கய்யா. எத்தன விரலு?"

சோலை பார்த்தார். நாலு விரல். கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் நாலும் வரிசையாக நின்றன. இம்புட்டு நன்றாகத் தெரிந்து தொலைக்கிறதே! மூன்று என்றால் கிட்டத்தில் வந்துவிட்டதாக நினைப்பார்கள். பாதிக்குப் பாதி குறைத்துவிடுவதே நல்லது.

"ரெண்டு" என்றார், குரலை நடுங்கவிட்டு.

"வலது கண்ணப் பொத்துங்க. இப்ப?"

இப்போது ரெண்டு விரல்.

"ஒண்ணே ஒண்ணுதான் தெரியுதுங்க."

"ஐயோ பாவம், கண்ணே அவிஞ்சுபோச்சுங்க இவருக்கு" என்று தங்கப்பொண்ணு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். வரிசையில் நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ஊழியர் சோலையின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"மொதல்ல ரெண்டு விரலக் காட்டுனேன், அப்புறம் ஒண்ணு. ரெண்டையும் அச்சுப் பிசகாமச் சொல்லிப்புட்டீங்களே! இன்னும் முத்தலைய்யா, சந்தோசமா வீட்டுக்குப் போங்க."